கூடுதல் இறப்புக் கணக்கு

ஒரு கொள்ளைநோய் ஒரு நாட்டில் எத்தனை உயிர்களைக் கொண்டுபோனது என்று கணக்கிட இரண்டு வழிகள் உண்டு. இறப்புச் சான்றுகளில் எழுதப்பட்ட காரணத்தைப் பார்த்து, அந்த நோயின் பெயர் உள்ளவற்றை மட்டும் கூட்டுவது முதல் வழி. காரணத்தையே பார்க்காமல் அந்தக் காலத்தில் நிகழ்ந்த எல்லா இறப்புகளையும் எண்ணி, நோய் வராமல் இருந்திருந்தால் எத்தனை பேர் இறந்திருப்பார்கள் என்று மதிப்பிட்டு, முன்னதிலிருந்து பின்னதைக் கழிப்பது இரண்டாவது வழி. கழித்தபின் மிஞ்சுவது கூடுதல் இறப்பு. நாட்டின் ஒட்டுமொத்த இறப்பு விகிதத்தை ஒரு நோய் எவ்வளவு உயர்த்தியது என்று அறிய இரண்டாவது வழியே நம்பத்தக்கது.

முதல் வழியில், பரிசோதனை எட்டிய தூரம்வரைதான் கணக்கும் எட்டும். பரிசோதனைக்கே போகாமல் வீட்டில் இறந்தவர், முடிவு கைக்கு வருவதற்குள் இறந்தவர், நோயிலிருந்து தேறி வீடு திரும்பி மூன்றாவது வாரம் மாரடைப்பில் போனவர் ஆகியோர் அதில் விடுபட்டுப்போவார்கள். இந்தியாவில் இன்னொரு தடையும் உண்டு. 2020இல் பதிவான இறப்புகளில் மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளித்தவை ஏறத்தாழ 22 சதவீதம்தான். மற்றவற்றில் காரணத்துக்கான கட்டத்தில் குடும்பத்தினர் சொன்னதே இருக்கும்: வயோதிகம், காய்ச்சல், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி. ஒருவர் எதனால் இறந்தார் என்பதில் இரண்டு மருத்துவர்கள் வேறுபடலாம். இறந்துவிட்டார் என்பதில் வேறுபட மாட்டார்கள். இரண்டாவது வழியின் பலம் முழுவதும் அந்த ஒரு உண்மையில்தான் இருக்கிறது.

இந்த யோசனை மிகப் பழையது. லண்டன் நகரில் வாராவாரம் அச்சிடப்பட்ட இறப்புப் பட்டியல்களை வைத்து ஜான் கிரான்ட் என்ற துணி வணிகர் 1662இல் ஒரு நூல் வெளியிட்டார். 1625ஆம் ஆண்டு பிளேக்கில் லண்டனில் புதைக்கப்பட்டவர்கள் 51,758 பேர். அவர்களில் பிளேக் என்று எழுதப்பட்டவர்கள் 35,417 பேர். மீதி 16,000 சொச்சம் பேர் வேறு நோய்களால் இறந்ததாகப் பட்டியல் சொன்னது. ஆனால் முன்னும் பின்னும் உள்ள சாதாரண ஆண்டுகளில் வேறு நோய்களால் இறந்தவர்கள் 7,000 முதல் 8,000 பேர்தான். பிளேக் ஆண்டில் மட்டும் மற்ற நோய்களும் இரண்டு மடங்காகப் பெருக எந்தக் காரணமும் இல்லை என்று கிரான்ட் கண்டார். பிளேக் வந்த வீட்டை அதிகாரிகள் பூட்டிவிடுவார்கள் என்பதால் குடும்பங்கள் நோயை மறைத்தன. பிணத்தைப் பார்த்துக் காரணம் சொல்ல அமர்த்தப்பட்ட ஏழைக் கிழவிகளுக்குக் காசு கொடுத்து வேறு பெயர் எழுதவைப்பதும் நடந்தது. பட்டியலில் உள்ளதைவிடக் கால்பங்கு அதிகமானோர் பிளேக்கில் இறந்திருக்க வேண்டும் என்பது கிரான்டின் முடிவு. இன்று உலக சுகாதார நிறுவனம் செய்யும் வேலையின் எலும்புக்கூடு முழுவதும் அந்தச் சில பக்கங்களில் இருக்கிறது.

இங்கிலாந்தில் 1837இல் பிறப்பு இறப்புப் பதிவு சட்டப்படி தொடங்கியபின் பதிவு அலுவலகத்தின் புள்ளிவிவரப் பணியை ஏற்ற வில்லியம் ஃபார் இதை முறையான தொழிலாக்கினார். 1847இன் இறுதியில் இன்ஃப்ளூயன்சா லண்டனைத் தாக்கியபோது, ஆறு வாரங்களில் அந்தப் பருவத்தின் வழக்கமான அளவுக்கு மேல் 5,000 பேர் இறந்ததாக அவர் கணக்கிட்டார். இன்ஃப்ளூயன்சா என்றே எழுதப்பட்டவை அதில் ஒரு பகுதிதான். மீதியெல்லாம் நுரையீரல் அழற்சி, இளைப்பு, முதுமை என்று பதிவாகியிருந்தன. நம் நாட்டில் இதற்கு நெருங்கிய உதாரணம் 2006இல் அகமதாபாத். சிக்குன்குனியா உடலை முடக்கும், உயிரைக் கொல்லாது என்றே அப்போது பொதுவாகக் கருதப்பட்டது. மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டை முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட்ட ஆய்வாளர்கள், ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை 2,944 இறப்புகள் கூடுதலாக இருந்ததைக் கண்டார்கள். அந்தப் பதிவேட்டை யாரும் எடுத்துக் கூட்டிப் பார்க்காமல் இருந்திருந்தால் அத்தனை பேரின் மரணமும் அந்த நோயோடு சேர்த்து ஒருபோதும் பேசப்பட்டிருக்காது.

கணக்கின் கடினமான பாதி, நோய் வராத ஓர் ஆண்டைக் கற்பனை செய்வதில் இருக்கிறது. மிக எளிய முறை முந்தைய ஐந்து ஆண்டுகளின் சராசரி. 2015 முதல் 2019 வரையான சராசரி உண்மையில் 2017ஐக் குறிக்கிறது. 2020க்கு அது மூன்று ஆண்டு பழைய எண். மக்கள்தொகை கூடிக்கொண்டோ முதுமையடைந்துகொண்டோ இருக்கும் நாட்டில் இறப்புகள் ஆண்டுதோறும் தாமாகவே கொஞ்சம் ஏறும். அந்த ஏற்றத்தைச் சேர்க்காவிட்டால் அதுவும் நோயின் கணக்கில் விழுந்துவிடும். ஆகவே போக்கைச் சேர்க்க வேண்டும். பருவத்தையும் சேர்க்க வேண்டும். குளிர்நாடுகளில் குளிர்காலத்தில் இறப்பு ஏறிக் கோடையில் இறங்கும். அமெரிக்காவில் ராபர்ட் செர்ஃப்லிங் 1963இல் இந்த ஏற்ற இறக்கத்தை ஓர் அலைக்கோடாக வரைந்து, அந்தக் கோட்டுக்கு மேலே தெறிப்பதை இன்ஃப்ளூயன்சாவின் பங்காக எடுக்கும் முறையை வகுத்தார். அதன் வழித்தோன்றல்களே இன்றும் புழக்கத்தில் உள்ளன.

எதிர்பார்க்கும் இறப்பின் கோட்டை, அதாவது அடிக்கோட்டை, எப்படி இழுப்பது என்பதில் சறுக்கினால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஜெர்மனி சாட்சி. 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட முதல் மதிப்பீட்டில் 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் ஜெர்மனியின் கூடுதல் இறப்பு ஏறத்தாழ 1,95,000. சில வாரங்களில் அது ஏறத்தாழ 1,22,000 ஆகக் குறைக்கப்பட்டது. இடையில் ஒரு இறப்புகூடப் புதிதாக எண்ணப்படவில்லை, நீக்கப்படவும் இல்லை. வளைந்துகொடுக்கும் ஒரு கோட்டைப் பழைய எண்களில் பொருத்தி முன்னோக்கி நீட்டியிருந்தார்கள்; 2019இல் இறப்பு சற்றே குறைவாக இருந்ததால் கோடு கீழ்நோக்கித் திரும்பி, அப்படியே கீழே போய்விட்டது. எதிர்பார்ப்பு தாழ்ந்தது, கூடுதல் வீங்கியது. தரவு வளமாக உள்ள ஒரு நாட்டிலேயே இப்படி. எந்தக் கூடுதல் இறப்பு எண்ணைக் கண்டாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அடிக்கோடு எந்த ஆண்டுகளிலிருந்து எப்படி இழுக்கப்பட்டது என்பதுதான். 2020, 2021 ஆகிய ஆண்டுகளையே அடிக்கோட்டில் சேர்த்துக்கொண்டு 2022ஐ அளந்தால், கொள்ளைநோயே வழக்கம் ஆகிவிடும்.

எண்ணும் பக்கத்திலும் பொறிகள் உண்டு. இறந்த தேதி வேறு, பதிவான தேதி வேறு. இங்கிலாந்தின் வாராந்தர எண்கள் கிறிஸ்துமஸ் வாரத்தில் சட்டென்று விழும், அடுத்த வாரமே எகிறும். அலுவலகம் மூடித் திறந்ததைத் தவிர அதில் வேறு செய்தி இல்லை. எந்த வரைபடத்திலும் கடைசிச் சில வாரங்கள் கீழே சரிந்துதான் நிற்கும், ஏனென்றால் அந்த வாரங்களின் இறப்புகள் இன்னும் பதிவாகி முடியவில்லை. நோய் தணிகிறது என்று அந்தச் சரிவைக் காட்டி அறிவித்தவர்கள் பல நாடுகளில் உண்டு. இத்தொழிலில் பழகியவர்கள் வரைபடத்தின் வால்பகுதியை முதலில் கையால் மறைத்துக்கொண்டுதான் மீதியைப் படிப்பார்கள்.

கூடுதல் இறப்பு என்பது நோய் நேரடியாகக் கொன்றவர்களின் எண்ணிக்கை ஆகாது. ஊரடங்கில் டயாலிசிஸுக்குப் போக முடியாதவர், படுக்கை கிடைக்காமல் இறந்த பிரசவத் தாய், காசநோய் மருந்து நின்றுபோனவர் ஆகியோரும் அதில் அடக்கம். எதிர்ப்பக்கத்தில், நடக்காமல் போன இறப்புகளும் அதில் கழிந்துவிடுகின்றன. இந்தியாவில் 2019இல் சாலை விபத்தில் ஏறத்தாழ 1.5 லட்சம் பேர் இறந்தார்கள். 2020இல் அது 1.3 லட்சம் அளவுக்கு இறங்கியது. எல்லையை மூடிய நியூசிலாந்தில் வழக்கமான குளிர்காலக் காய்ச்சலே வராமல் போய், 2020இன் மொத்த இறப்பு 2019ஐவிடக் குறைந்தது. எனவே கூடுதல் இறப்பு ஒரு நிகர எண். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. ஒட்டுமொத்த இறப்பு விகிதத்தின் மீதான தாக்கத்தைக் கேட்டால் நிகர எண்ணே சரியான விடை; நோயின் கொல்லும் திறனைக் கேட்டால் மட்டுமே அது போதாது.

எண்ணிக்கை கிடைத்தபின் அதை விகிதமாக்க வேண்டும். 1000 பேருக்கு எத்தனை இறப்பு என்ற கச்சா இறப்பு விகிதம் 2019இல் ஜப்பானில் ஏறத்தாழ 11, இந்தியாவில் 6. இந்தியர்கள் ஜப்பானியர்களைவிட ஆரோக்கியமானவர்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஜப்பானில் கிழவர்கள் அதிகம், அவ்வளவே. ஆகவே நாடுகளை ஒப்பிடும்போது இரண்டுக்கும் ஒரே வயதுக் கட்டமைப்பு இருப்பதாக வைத்துக்கொண்டு விகிதத்தைத் திருத்துவார்கள். எதிர்பார்த்த இறப்பில் எத்தனை சதவீதம் கூடியது என்று சொல்வது இன்னொரு வழி. இத்தாலியில் 2020இல் ஏறத்தாழ 7,46,000 பேர் இறந்தார்கள்; முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிட 15.6 சதவீதம், அதாவது ஒரு லட்சம் பேர் அதிகம். கோவிட் என்று பதிவானவை ஏறத்தாழ 76,000. இதே இத்தாலியின் பெர்கமோ மாகாணத்தில் 2020 மார்ச் மாதத்தில் மட்டும் இறப்பு 568 சதவீதம் உயர்ந்தது. ஒரு நாட்டின் ஆண்டு எண்ணுக்குள் ஒரு மாவட்டத்தின் பேரழிவு கரைந்துவிடும் என்பதால் தேசியச் சராசரியோடு நிற்பது போதாது.

ஆயுள் எதிர்பார்ப்பாகவும் இதைச் சொல்வதுண்டு. அமெரிக்காவில் 2019இல் 78.8 ஆண்டாக இருந்தது 2020இல் 77.0, 2021இல் 76.4 என இறங்கியது. 1917இல் அங்கே 50.9 ஆக இருந்தது, இன்ஃப்ளூயன்சா தாக்கிய 1918இல் 39.1 ஆக வீழ்ந்து, அடுத்த ஆண்டே பழைய நிலையையும் தாண்டி ஏறியது. அந்த ஓர் ஆண்டின் இறப்பு வேகம் வாழ்நாள் முழுவதும் நீடித்தால் என்ன ஆகும் என்பதைத்தான் இந்த எண் சொல்கிறது. 1918இல் பிறந்த குழந்தைகள் 39 வயதில் இறந்தார்கள் என்று இதைப் படித்துவிடக் கூடாது.

இந்தியாவில் இந்தக் கணக்கின் வரலாறு 1918இல் தொடங்குகிறது என்றே சொல்லலாம். உலகில் அந்த இன்ஃப்ளூயன்சாவுக்கு மிக அதிக உயிர்களைப் பறிகொடுத்த நாடு இதுதான். கிராமத்து மணியக்காரரும் காவல்காரரும் சொல்ல எழுதப்பட்ட பதிவேடுகளில் பெரும்பாலான இறப்புகள் வெறும் காய்ச்சல் என்ற பத்தியில் போயின. பிரிட்டிஷ் இந்தியாவில் பதிவான இறப்பு விகிதம் முந்தைய ஆண்டில் 1000க்கு 33 அளவில் இருந்தது. 1918இல் 60ஐத் தாண்டியது. எழுதியவர்களே காய்ச்சலில் விழுந்ததால் எழுதாமல் விடுபட்டவை வேறு. சுகாதார ஆணையர் நார்மன் ஒயிட் 1919இல் சொன்ன மதிப்பீடு 60 லட்சம். 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்தபின் அது 1.2 முதல் 1.3 கோடி என்று உயர்ந்தது. பின்னர் 1951இல் கிங்ஸ்லி டேவிஸ் 2 கோடியை ஒட்டிய எண்ணைச் சொன்னார். 1986இல் இயன் மில்ஸ் 1.7 முதல் 1.8 கோடி என்றார். 2012இல் மாவட்ட வாரியாக மீண்டும் கணக்கிட்டவர்கள் 1.39 கோடிக்கு வந்தார்கள்.

பதிவேட்டால் சொல்ல முடியாததை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொன்னது. 1911இல் ஏறத்தாழ 25.2 கோடியாக இருந்த இன்றைய இந்திய நிலப்பரப்பின் மக்கள்தொகை 1921இல் 25.1 கோடி. மக்கள்தொகை வளராமல் குறைந்த ஒரே தசாப்தம் அது. ஆனால் அந்தப் பள்ளம் முழுவதையும் நோயின் கணக்கில் எழுத முடியாது. 1918இல் பருவமழை பொய்த்தது, தானிய விலை ஏறியது, பசி நோயோடு சேர்ந்தே கொன்றது. 20 முதல் 40 வயதுக்காரர்கள், அதிலும் பெண்கள், மிகுதியாக இறந்ததால் 1919இல் பிறப்புகளும் சரிந்தன. பிறக்காமல் போனவர்களை இறந்தவர்களோடு சேர்த்து எண்ணும் பிழை இங்கே எளிதில் நேரும். நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் 1.39 கோடிக்கும் 2 கோடிக்கும் இடையில் கணக்கு ஊசலாடுவதன் காரணம், 1918இன் பதிவேட்டில் விடுபட்டதை எந்தச் சூத்திரமும் முழுவதும் மீட்டுத் தர முடியாது என்பதே.

பதிவேடு முழுமையற்றது என்றால், எவ்வளவு முழுமையற்றது என்று அளக்க ஒரு வழி இந்தியாவில்தான் உருவானது. கல்கத்தாவுக்கு அருகே சிங்கூரில் எடுத்த தரவுகளைக் கொண்டு சி. சந்திரசேகரனும் டபிள்யூ. எட்வர்ட்ஸ் டெமிங்கும் 1949இல் அதை வெளியிட்டார்கள். ஒருவரோடு ஒருவர் கலந்துகொள்ளாத இருவர் ஒரே ஊரின் இறப்புகளைத் தனித்தனியே எழுதுகிறார்கள். ஒருவர் பட்டியலில் 90, மற்றவர் பட்டியலில் 80, இரண்டிலும் காணப்படுவது 72 என்று வைத்துக்கொள்வோம். இரண்டாமவர் கண்ட 80இல் 72ஐ முதலாமவர் பிடித்திருக்கிறார். அதாவது பத்துக்கு ஒன்பது. ஆகவே முதலாமவரின் 90 என்பது உண்மையான 100இல் பத்துக்கு ஒன்பதாக இருக்க வேண்டும். இருவருமே காணாத இரண்டு இறப்புகள்கூட இந்தக் கணக்கில் வந்துவிடுகின்றன. இரண்டு பேர் தனித்தனியே எழுதி ஒப்பிடுவது என்ற அந்த அடிப்படையில்தான் 1960களின் நடுவில் இந்தியாவின் மாதிரிப் பதிவுத் திட்டம் தொடங்கியது. இன்று ஏறத்தாழ 8,800 ஊர்களிலும் நகர்ப்பகுதிகளிலும் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோரை அது தொடர்ந்து கவனிக்கிறது. ஓர் ஊழியர் நிகழும்போதே எழுதுவார். ஒரு மேற்பார்வையாளர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீடுவீடாகக் கேட்பார். இரண்டு பட்டியலிலும் பொருந்தாதவை களத்தில் மீண்டும் சரிபார்க்கப்படும். இந்திய நிர்வாகம் உருவாக்கியவற்றில் பெருமைக்குரிய ஏற்பாடு இது. உரிய பாராட்டு இதற்குக் கிடைத்ததில்லை.

இனி கோவிட் காலத்துக்கு வரலாம். 2021 முடியும்வரை இந்திய அரசின் கணக்கில் கோவிட் இறப்புகள் 4.8 லட்சம். 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி நடக்கும் குடிமைப் பதிவில் எல்லாக் காரணங்களாலும் பதிவான இறப்புகள் 2018இல் 69.5 லட்சம், 2019இல் 76.4 லட்சம், 2020இல் 81.2 லட்சம், 2021இல் 1.02 கோடி. 2018இலிருந்து 2019க்கு ஏறக்குறைய 7 லட்சம் ஏறியது. அந்த ஆண்டில் எந்தக் கொள்ளைநோயும் இல்லை. பதிவு செய்யும் வழக்கம் பரவியதுதான் அதன் பெரும்பகுதி. அடுத்த ஆண்டு ஏற்றம் 5 லட்சத்துக்கும் குறைவு. முந்தைய ஏற்றத்தைவிடக் குறைவாகத்தானே இருக்கிறது என்ற வாதம் அப்போது அரசுத் தரப்பில் எழுந்தது. ஊரடங்கில் அலுவலகங்கள் மூடிக் கிடந்ததையும் பதிவுகள் தள்ளிப்போனதையும் அந்த வாதம் கணக்கில் எடுக்கவில்லை. 2021இன் ஏற்றமான 21 லட்சத்துக்கு அப்படியும் இப்படியும் விளக்கம் சொல்ல இடமில்லை. அந்த ஆண்டில் கோவிட் என்று அரசு எண்ணியது ஏறத்தாழ 3.3 லட்சம்தான்.

மாதிரிப் பதிவுத் திட்டமும் அதையே சொல்கிறது. 2020இல் 1000க்கு 6.0 ஆக இருந்த இறப்பு விகிதம் 2021இல் 7.5 ஆனது. கூடிய ஒன்றரையை ஏறத்தாழ 137 கோடி மக்கள்தொகைக்குப் பெருக்கினால் 20 லட்சம் வருகிறது. வெவ்வேறு ஊழியர்கள் வெவ்வேறு முறையில் சேகரித்த இரண்டு தரவுகள் ஒரே இடத்துக்கு வந்து சேர்வது இத்தொழிலில் அடிக்கடி கிடைக்காத உறுதி.

இதைவிடப் பெரிய எண்களும் உள்ளன. வீட்டில் யாரேனும் இறந்தார்களா என்று தொலைபேசியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் கேட்ட ஆய்வு, 2021 ஜூலைக்குள் 32 லட்சம் என்றது. உலக சுகாதார நிறுவனம் சில மாநிலங்களின் பதிவுகளிலிருந்து நாடு முழுவதற்கும் கணித்து, இரண்டு ஆண்டுகளுக்கு 47 லட்சம் என்றது; இந்திய அரசு அதன் முறையை ஏற்கவில்லை. கணித மாதிரிகளின் ஊகங்களை விட்டுவிட்டு அரசின் சொந்தப் பதிவேடுகளை மட்டும் நம்பினாலும் 4.8 லட்சம் என்ற எண் நிற்காது. உண்மை 20 லட்சத்துக்கு மேல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதே மீதமுள்ள கேள்வி. கோவிட் இறப்புக்கு 50,000 ரூபாய் நிவாரணம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தபின், குஜராத்தில் ஏற்கப்பட்ட மனுக்கள் அரசு முன்பு அறிவித்த 10,000 சொச்சத்தைப் பல மடங்கு தாண்டின.

எண்ணைத் திருத்துவது ஓர் அரசுக்கு இழுக்கல்ல. பெரு நாடு 2021 மே 31 அன்று தன் கோவிட் இறப்புக் கணக்கை ஏறத்தாழ 69,000இலிருந்து 1,80,000க்கு உயர்த்தியது. உலகிலேயே மிக உயர்ந்த இறப்பு விகிதம் தன்னுடையது என்று அதன்மூலம் அது ஒப்புக்கொண்டது. தமிழ்நாட்டில் 2020 ஜூலையில் சென்னையின் பதிவேடுகளை ஒப்பிட்டுப் பார்த்த குழுவின் அறிக்கைக்குப்பின் விடுபட்ட 444 இறப்புகள் கோவிட் கணக்கில் சேர்க்கப்பட்டன. பின்னர் சென்னையின் இறப்புப் பதிவுகள் முழுவதையும் ஆராய்ந்த ஆய்வு ஒன்று, 2020 மார்ச் முதல் 2021 ஜூன் வரை நகரில் ஏறத்தாழ 26,000 கூடுதல் இறப்புகள் என்று கண்டது. 1000 பேருக்கு ஐந்துக்குச் சற்று மேல். இவ்வளவு நுணுக்கமாகச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், சென்னையில் இறப்புகள் ஏறக்குறைய முழுமையாகப் பதிவாகின்றன என்பதே. பதிவு மெலிந்த மாநிலங்களில் அதே அலை எத்தனை பேரைக் கொண்டுபோனது என்று இந்த உறுதியோடு சொல்ல முடியவில்லை.

2021இன் குடிமைப் பதிவு அறிக்கை 2025 மே மாதத்தில்தான் வெளியானது. நான்கு ஆண்டுகள் கழித்து வரும் எண் வரலாற்றுக்கு உதவும், அடுத்த அலையை எதிர்கொள்பவர்களுக்கு உதவாது. இறப்புகளை மாதந்தோறும், மாவட்டவாரியாக, வயதும் பாலும் பிரித்து வெளியிட வேண்டும்; பதிவேடுகள் கணினிக்கு வந்துவிட்ட இந்தக் காலத்தில் அதற்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. மக்கள் பக்கத்திலும் ஒரு கடமை உண்டு. சொத்தும் ஓய்வூதியமும் இல்லாதவர்களின் இறப்பு, முக்கியமாக வீட்டில் இறக்கும் பெண்களின் இறப்பு, சான்றிதழ் தேவைப்படாததால் இன்றும் பதிவாகாமல் போகிறது. ஓர் இறப்பை 21 நாட்களுக்குள் கிராம நிர்வாக அலுவலரிடமோ நகராட்சியிலோ சொன்னால் கட்டணம் எதுவும் இல்லை; 30 நாட்கள்வரை தாமதக் கட்டணம்; ஓராண்டைத் தாண்டினால் நிர்வாக நடுவரின் உத்தரவு தேவை.